பனிக்காலத்துக்கு முன் வீட்டுத் தண்ணீர் பைப்பைத் தயார்படுத்துவது எப்படி

நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, அம்பேவளை, பட்டிப்பொல பக்கங்களில் மார்கழி கடைசியிலிருந்து மாசி வரை, வானம் துடைத்து வைத்தது போல் தெளிந்து, காற்றும் அசையாத இரவுகளில் புல்லில் துகள்பனி விழும். வீட்டுத் தண்ணீர் பைப்புக்குச் சோதனை வருவதும் அந்த இரவுகளில்தான். மேகம் மூடி, தூறல் விழுந்து, எலும்பு வரை குளிர்கிற இரவில் பைப்புக்கு ஒன்றும் ஆகாது.

1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியா நகரத்தில்கூடக் காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு இறங்குவது அபூர்வம். ஆனால் திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கிற பொருள் தன் சூட்டை நேரே வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். வெப்பமானி 4 பாகை காட்டுகிற நேரத்தில் தரையோடு கிடக்கும் பைப்பும் கூரை மேலுள்ள சோலார் தகடும் பூச்சியத்துக்குக் கீழே போவது இப்படித்தான். மரத்தடியில் புல் பச்சையாக இருக்க, பத்தடி தள்ளி வெட்டவெளியில் வெள்ளை பூத்திருப்பதற்கும் இதுவே காரணம். ஆகவே இங்கே பைப்புக்கு முதலில் தேவை ஒரு கூரை. தடித்த போர்வை அதற்குப் பிறகு. குளிர்நாட்டு வழிமுறைகளைப் பார்த்து வீடு முழுக்கப் பஞ்சு சுற்றிப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை உயரத்தில் பைப்புக்குள் தண்ணீர் உறைவதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஒட்டு விடுவதும், இரவு அழுத்தத்தில் மூட்டுக் கழன்று போவதும், ஹீட்டர் சூடேறாததும் அங்கேயும் உண்டு. இவற்றைப் பற்றிக் கீழே சொல்வது அந்த ஊர்க்காரர்களுக்கும் பொருந்தும்.

எந்தப் பைப் ஆபத்தில் இருக்கிறது

கார்த்திகை மழை விட்டு வெயில் வரும் ஒரு பகலில், மீட்டரிலிருந்தோ ஊற்றுத் தாங்கியிலிருந்தோ தொடங்கி, கடைசிக் குழாய் வரை பைப் ஓடும் வழியே நடந்து பாருங்கள். நின்ற இடத்தில் நிமிர்ந்தால் வானம் தெரிகிறதா, அந்த இடத்துப் பைப் வெளியே தெரிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இறவாரத்துக்கு அடியில், இஸ்தோப்புக் கூரைக்கு அடியில் சுவரோடு ஓடும் பைப்பை விட்டுவிடலாம். சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தை நோக்கி வடியும். ஆற்றோரத்துக் காய்கறிப் பாத்திக்குப் பக்கத்திலுள்ள வீட்டுக்கு, அதே தோட்டத்தில் மேட்டிலுள்ள லயத்தைவிட ஆபத்து அதிகம். மேட்டு வீட்டுக்காரருக்கு வந்ததில்லை என்பதற்காகப் பள்ளத்து வீட்டுக்காரர் அசட்டையாக இருக்கக் கூடாது.

பைப்பின் பருமனும் முக்கியம். அரை அங்குலப் பைப்பில் ஒரு மீற்றருக்குக் கால் லீற்றருக்கும் குறைவான தண்ணீர்தான் நிற்கும், ஓரங்குலப் பைப்பில் அதைப் போல் இரண்டரை மடங்கு நிற்கும். கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் ஆறும் என்பதால் அரை அங்குலப் பைப்பை முதலில் கவனியுங்கள். தாங்கியில் 500, 1000 லீற்றர் நிற்கிறது, அது உறையாது. தாங்கியிலிருந்து இறங்கி, சுவரைத் தொடுமுன் அந்தரத்தில் தொங்குகிற இரண்டு மூன்று அடிப் பைப்தான் உறையும்.

மூடுவதும் மறைப்பதும்

செலவில்லாத வழி மண்தான். இங்கே பனி மண்ணுக்குள் இறங்குவதில்லை. ஒரு அடி ஆழம் இறக்கினால் உறைவதைப் பற்றிய கவலை முடிந்தது. காய்கறிப் பாத்தி வழியாகப் போனால் ஒன்றரை அடி இறக்குங்கள், மண்வெட்டி பட்டு உடைகிற பைப்புகள் பனியில் உடைவதைவிட அதிகம். வாகனம் ஏறும் பாதைக்கு இரண்டு அடி வேண்டும். பைப்புக்குக் கீழும் மேலும் நான்கு அங்குலம் சலித்த மண்ணோ மணலோ போட்டு, அதன் பிறகே கல் கலந்த மண்ணைத் தள்ள வேண்டும். கூர்க்கல் ஒன்று பைப்பில் சாய்ந்து கிடந்தால் சில வருடங்களில் அந்த இடம் தேய்ந்து துளைவிடும்.

பாறை குறுக்கிடுகிற இடங்களில் பைப்பின் மேல் ஓர் அடி அகலத்தில் பழைய கூரைத்தகட்டு வெட்டுத் துண்டையோ பலகையையோ, இரண்டு மூன்று அங்குல இடைவெளி விட்டுக் கவிழ்த்து வையுங்கள். இந்த ஒரு தடுப்பே பாதிக்கு மேல் வேலையைச் செய்துவிடும். பகல் வெயிலில் பிவிசி வெளிறி நொறுங்கும் தன்மைக்குப் போவதையும் அது தடுக்கும். வெயிலில் பழுத்த பிவிசி, குளிர்ந்த அதிகாலையில் வாளி ஒன்று இடித்தாலே கீறும்.

நிமிர்ந்து நிற்கும் பைப்புக்கும் தாங்கிக்கு அடியில் தொங்கும் பைப்புக்கும் தகடு உதவாது. அதற்கு ஏசி செம்புக் குழாய்க்குப் போடுகிற கறுப்பு றப்பர் ஸ்பொஞ்ச் குழாய் வாங்குங்கள். ஆறு அடி நீளத் துண்டுகளாகக் கிடைக்கும். பைப்பின் வெளிவிட்டத்துக்குப் பொருத்தமாக, அரை அங்குலப் பைப்புக்கு 22 மில்லிமீற்றர் உள்துளை, முக்கால் அங்குலத்துக்கு 28, ஓரங்குலத்துக்கு 35 என்று கேளுங்கள். தடிப்பு 13 மில்லிமீற்றர் போதும். ஏற்கெனவே பூட்டிய பைப் என்றால் ஸ்பொஞ்சை நீளவாக்கில் பிளந்து போடலாம். பிளவு கீழே அல்லது சுவர்ப் பக்கம் பார்க்கட்டும், மேலே இருந்தால் மழை இறங்கும். நனைந்த ஸ்பொஞ்சுக்குச் சூட்டைப் பிடிக்கும் சக்தி இல்லை. எல்போ, டீ, வால்வு ஆகியவற்றைச் சுற்றித் துண்டு வெட்டி அடைத்து, மேலே அலுமினிய டேப்பை அரைவாசி ஏறும்படி சுற்றுங்கள். டேப் இல்லாத கறுப்பு ஸ்பொஞ்ச் ஓரிரு வருட வெயிலில் பொடியாகிவிடும்.

கையில் காசில்லாதபோது சாக்கும் ஸ்பொஞ்சின் வேலையைச் செய்யும், நனையாத வரைக்கும். மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, மேலே உரப்பை பொலித்தீனைக் கூரை ஓடு போல் கீழிருந்து மேலாக ஏற்றிக் கட்டுங்கள். பொலித்தீன் இல்லாமல் வெறும் சாக்கைச் சுற்றிவிட்டு நம்பியிருக்க வேண்டாம். ஈரச் சாக்கு பைப்பை இன்னும் குளிர வைக்கும்.

லயத்துப் பொதுக் குழாய்கள் பெரும்பாலும் இரும்புப் பைப்பில் நிமிர்ந்து நிற்பவை. இரும்பு சூட்டை வேகமாகக் கடத்தும், உறைந்தால் நீளவாக்கில் பிளக்கும். அதைச் சுற்றி மூன்று பக்கம் செங்கல் கட்டி, உள்ளே மணல் நிரப்பி, குழாய் மட்டும் வெளியே நீட்டும்படி விடுவது ஒரு நாள் வேலை. இதைத் தோட்டத்தில் எல்லாரும் சேர்ந்து செய்தால் நல்லது.

இரவில் குழாயைச் சொட்ட விடுவது வேறு நாடுகளில் சொல்லும் வழி. ஓடும் தண்ணீர் உறையத் தாமதமாகும் என்பது உண்மை. ஆனால் பனி விழும் நாட்கள் இங்கே ஊற்று வற்றத் தொடங்கும் நாட்களும்கூட. பத்து நிமிடத்துக்கு ஒரு லீற்றர் சொட்டினால் பத்து மணி நேரத்தில் 60 லீற்றர் போய்விடும். கீழ் லயத்துக்குத் தண்ணீர் எட்டாமல் போவது அப்படித்தான். மறைக்கவும் மூடவும் முடியாத பைப்புக்கு மட்டும், அடியில் வாளி வைத்து, இதைச் செய்யுங்கள்.

குளிரில் ஒட்டு ஏன் விடுகிறது

பனிக்காலத்தில் அவசரமாக ஒட்டிய மூட்டுகளே மறுநாள் கழன்று வரும். பிவிசி கம் பைப்பையும் சொக்கெட்டையும் கரைத்து ஒன்றாக்குகிறது. குளிரிலும் ஈரத்திலும் அது மெதுவாகத்தான் உலரும். தண்ணீர் ஒரு துளி உள்ளே இருந்தாலும் அந்த இடம் ஒட்டாது.

வேலையைக் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். பைப்பை நேராக வெட்டி, உள்ளும் வெளியும் பிசிறைச் சுரண்டி, துணியால் ஈரம் போகத் துடையுங்கள். மேலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தால் பாண் துண்டைப் பைப்புக்குள் திணித்தால் வேலை முடியும் வரை பிடிக்கும், பிறகு கரைந்து போய்விடும். பின்னர் தண்ணீர் விடும்போது கடைசிக் குழாயின் வலையைக் கழற்றிவிட்டு அந்தப் பாணை வெளியேற்றுங்கள். கம்மைப் பைப்பின் வெளிப்பக்கம் தாராளமாகவும், சொக்கெட்டின் உட்பக்கம் மெல்லியதாகவும் பூசி, அடி முட்டும் வரை தள்ளி, கால் சுற்றுத் திருப்பி, ஒரு நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். பிடியை உடனே விட்டால் சொக்கெட்டின் சரிவு பைப்பை மெல்ல வெளியே தள்ளும். பார்த்தால் ஒட்டியது போலவே இருக்கும். தண்ணீர் விடுமுன் 24 மணி நேரம் விடுங்கள். அவசரம் என்றால் நான்கைந்து மணி நேரத்துக்குப் பின் தாங்கித் தண்ணீரை மட்டும் மெதுவாக விடலாம், ஊற்று லைனின் முழு அழுத்தத்தைக் கொடுக்கக் கூடாது. சீக்கிரம் காயட்டும் என்று நெருப்பைக் காட்டாதீர்கள், கம்மின் ஆவி பற்றிக்கொள்ளும்.

பித்தளைக் குழாயை பிவிசி மரையில் பூட்டும்போது வெள்ளை டேப்பை மரை சுற்றும் திசையிலேயே எட்டு முதல் பத்துச் சுற்றுச் சுற்றி, கையால் இறுக்கி, ஸ்பானரால் ஒரு சுற்று மட்டும் திருப்புங்கள். குளிர்ந்த பிவிசி மரை அதிக இறுக்கத்தில் மயிரிழையாகக் கீறும். பித்தளை மரை பதித்த சொக்கெட் விலை கூடினாலும் அதுவே நல்லது.

நள்ளிரவு அழுத்தம்

அதிகாலையில் பைப் வெடித்தால் பனியைத்தான் குற்றம் சொல்வார்கள். மலையில் பல நேரம் காரணம் வேறு. மேலேயுள்ள ஊற்றுத் தாங்கிக்கும் உங்கள் குழாய்க்கும் உயர வித்தியாசம் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் 1 பார் அழுத்தம். 60 மீற்றர் இறக்கம் என்றால் 6 பார். பகலில் எல்லா வீட்டிலும் தண்ணீர் எடுக்கும்போது அது தெரியாது. இரவு எல்லாரும் மூடிய பிறகு முழு அழுத்தமும் கீழ்வீட்டு மூட்டுகளில் வந்து நிற்கும், குளிரில் இறுகிய பழைய ஒட்டு அப்போதுதான் விடும்.

பைப் வாங்கும்போது டைப் 1000 கேளுங்கள். அந்த எண் கிலோபாஸ்கல் அழுத்தத்தைக் குறிக்கும், அதாவது 10 பார். வால்வைச் சட்டென்று மூடும்போது ஏற்படும் அதிர்ச்சியையும் அது தாங்க வேண்டும் என்பதால் இறக்கம் 50 மீற்றரைத் தாண்டினால் நடுவழியில் மிதவை வால்வு பூட்டிய ஒரு சிறு தாங்கி வையுங்கள். அழுத்தம் அங்கே அறுந்து, அந்த இடத்திலிருந்து புதிதாகத் தொடங்கும். கறுப்பு அல்கத்தீன் பைப் இத்தகைய நீண்ட இறக்கங்களுக்கு பிவிசியைவிட ஏற்றது. வெயில் தாங்கும், உள்ளே உறைந்தாலும் கொஞ்சம் நீண்டுகொடுக்கும்.

முற்றத்துக் குழாயும் மோட்டரும்

ரப்பர் ஹோஸைக் குழாயில் மாட்டியபடியே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஹோஸில் அடைபட்ட தண்ணீர் முதலில் உறையும், குழாயின் பித்தளை உடம்பு அதோடு வெடிக்கும். கழற்றி, தண்ணீரை வடித்து, சுருட்டி வையுங்கள். முற்றத்துக் குழாய்க்குப் போகும் கிளைப் பைப் பிரியும் இடத்தில் ஒரு வால்வும், அதன் பின் ஆகத் தாழ்ந்த இடத்தில் வடிகுழாய் ஒன்றும் இருந்தால், மாலையில் வால்வை மூடி, முற்றத்துக் குழாயையும் வடிகுழாயையும் திறந்துவிட்டால் போதும். மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு இருந்தால்தான் பைப் முழுதாக வடியும்.

காய்கறிப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டரின் வார்ப்பிரும்பு உடம்புக்குள்ளும் தண்ணீர் நிற்கும். அடியிலுள்ள திருகை மாலையில் கழற்றி வடித்துவிடுங்கள். விடியற்காலையில் பயிரிலுள்ள பனியைத் தெளித்துக் கழுவ அதே மோட்டர் தேவைப்படும் என்பதால், திருகையும், மோட்டருக்குள் மறுபடி ஊற்ற ஒரு போத்தல் தண்ணீரையும் பக்கத்திலேயே வையுங்கள்.

சோலாரும் ஹீட்டரும்

தட்டையான கண்ணாடித் தகட்டுச் சோலார் இந்தக் குளிருக்கு ஆகப் பலவீனமானது. மெல்லிய செம்புக் குழாய்கள், வானத்தை நேரே பார்த்த கோலம், இரவில் அசையாத தண்ணீர். காற்று 4 பாகையில் இருக்கும்போதே உறைந்து செம்பு பிளக்கக்கூடும். தெளிந்த மாலைகளில் தகட்டின்மேல் தார்ப்பாய் போர்த்துக் கட்டுங்கள், காலையில் வெயில் ஏறியதும் எடுங்கள். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் உறையாத திரவம் தனிச்சுற்றில் ஓடும் வகையையோ வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகையையோ கேட்டு வாங்குங்கள். வெற்றிடக் குழாய் உறையாது, ஆனால் அதற்குப் போகும் குளிர்தண்ணீர்ப் பைப் உறையும், அதற்கு ஸ்பொஞ்ச் போட வேண்டும். தண்ணீர் இல்லாமல் வெயிலில் காய்ந்த கண்ணாடிக் குழாய்க்கு நண்பகலில் தண்ணீர் விட்டால் வெடிக்கும். அதிகாலையில் நிரப்புங்கள்.

உடனடி மின் ஷவர் கொழும்பில் நன்றாக வேலை செய்து, இங்கே வெதுவெதுப்பாகவே வருவதற்குக் கணக்கு உண்டு. 3.5 கிலோவோட் ஷவர் ஒரு நிமிடத்துக்கு ஒரு லீற்றரை 50 பாகை உயர்த்தும். 27 பாகைத் தண்ணீரை 38 ஆக்க 11 பாகை போதும், நிமிடத்துக்கு நாலரை லீற்றர் கிடைக்கும். தாங்கியில் இரவெல்லாம் ஆறிய 10 பாகைத் தண்ணீருக்கு 28 பாகை வேண்டும், அப்போது 1.8 லீற்றர்தான். ஷவர் பழுது என்று திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை, வால்வைக் குறைத்து ஓடவிடுங்கள். அல்லது பிற்பகலில் குளியுங்கள். குடும்பம் பெரிது என்றால் 30 லீற்றர் சேமிப்பு ஹீட்டர் நல்லது. 2 கிலோவோட்டில் 10 பாகைத் தண்ணீரை 55 ஆக்க முக்கால் மணி நேரம் எடுக்கும். சூடாகும்போது பாதுகாப்பு வால்வில் சொட்டுவது இயல்பு, தண்ணீர் விரிவடைகிறது. அதை ஒருபோதும் அடைக்காதீர்கள், அடைத்தால் ஹீட்டரே வெடிக்கும். ஹீட்டரிலிருந்து வரும் சூட்டுப் பைப்புக்குச் சாதாரண பிவிசி ஆகாது, பிபிஆர் அல்லது சிபிவிசி போட வேண்டும்.

3.5 கிலோவோட் என்றால் 15 அம்பியர். அது 13 அம்பியர் பிளக்கில் போடும் சாமான் அல்ல. தனி லைன், குளியலறைக்கு வெளியே சுவிட்ச், 30 மில்லிஅம்பியர் டிரிப் சுவிட்ச், சரியான எர்த் இவை இல்லாத லயத்து வயரிங்கில் இதைப் பூட்டவே கூடாது. அங்கே விறகடுப்பில் வெந்நீர் வைப்பதே பாதுகாப்பு.

காஸ் ஹீட்டரைக் குளியலறைக்குள் பூட்டுவது உயிராபத்து. குளிருக்கு ஜன்னலைச் சாத்தியதும் கார்பன் மொனொக்சைட் சேரும், அதற்கு மணமில்லை, மயங்கி விழும் வரை தெரியாது. வெளிச்சுவரில், மழை படாத காற்றோட்டமான இடத்தில் பூட்டுங்கள். வெளியே இருப்பதால் அதன் செம்புச் சுருளும் உறையக்கூடும். பனி இரவுகளில் அதற்குத் தண்ணீர் வரும் வால்வை மூடி, சூட்டுக் குழாயைத் திறந்து, அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றிவிடுங்கள்.

காலையில் தண்ணீர் வராவிட்டால்

குழாய் இருமி, சீறி, காற்று விட்டால் அது உறைவல்ல, காற்றடைப்பு. ஊற்றுத் தொட்டியில் தண்ணீர் குறைந்து பைப் காற்றை இழுத்திருக்கும். மதியம் வரை பொறுத்தாலும் சரியாகாது. தொட்டியின் வடிகட்டியில் அடைத்த இலையை எடுத்து, லைனின் ஆக மேடான இடத்தில் ஒரு டீ போட்டுச் சிறு வால்வு பூட்டி, காற்றைத் திறந்துவிட வேண்டும். எல்லாக் குழாயும் மூடியிருக்க மீட்டரின் சிறு சக்கரம் சுற்றினால் எங்கோ வெடித்திருக்கிறது. ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு கிளையில் மட்டும் தண்ணீர் நின்றிருந்தால் அதுதான் உறைவு.

உறைந்திருந்தால் முதலில் குழாயைத் திறந்து வையுங்கள், உருகும் தண்ணீருக்கு வழி வேண்டும். பெரும்பாலும் வெயில் பட்டதும் தானாக வரும். அவசரம் என்றால் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்து, குழாய்ப் பக்கமிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே போங்கள். கொதிநீர் பிவிசியை இளக்கும், பித்தளையைக் கீறும். பந்தமும் புளோ லாம்பும் பக்கத்தில்கூட வர வேண்டாம்.

தண்ணீர் வந்த பிறகு பைப் முழுவதையும் உலர்ந்த கையால் தடவிப் பாருங்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். வெடிப்பு பெரும்பாலும் உறைந்த இடத்தில் இருக்காது, ஐஸ் அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் நெருக்கப்பட்ட தண்ணீர் எங்கே பலவீனம் கண்டதோ அங்கே இருக்கும். கீறலைக் கண்டால் இரு பக்கமும் நான்கு அங்குலம் தள்ளி வெட்டி எடுத்து, புதுத் துண்டும் இரண்டு சொக்கெட்டும் போடுங்கள். பைப்பை வளைத்துச் செருக இடமில்லாவிட்டால் ஒரு பக்கம் யூனியன் (கழற்றிப் பூட்டக்கூடிய மூட்டு) வையுங்கள். கீறலின்மேல் கம் பூசி டேப் சுற்றினால் அடுத்த இரவு அழுத்தம் ஏறும்போது அதே இடம் மறுபடி திறக்கும்.